விமான நிலையத்திலிருந்து பூங்கா வரை: தில்லி ரயில் வழி தரும் படிப்பினை

பெருநகரம் ஒன்றின் போக்குவரத்து வளர்ச்சியை மதிப்பிட இரு அளவுகோல்கள் உள்ளன. எத்தனை கிலோமீட்டர் பாதை அமைக்கப்பட்டது, அதற்கு எத்தனை கோடி ரூபாய் செலவாயிற்று என்பது முதல் அளவுகோல். அந்நகருக்குப் புதிதாக வரும் ஒருவர், வாடகைக் கார் அமர்த்தாமல், தாம் செல்ல விரும்பும் பொது இடம் ஒன்றை எவ்வளவு எளிதாகச் சென்றடைகிறார் என்பது இரண்டாவது. முதலாவதற்கான விடை ஆண்டறிக்கைகளில் கிடைக்கும். இரண்டாவதற்கான விடையைப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே ஆராய்ந்தே அறிய முடியும். இதற்குத் தலைநகரிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உள்ளது. இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்திலிருந்து லோதிப் பூங்காவுக்கு ரயிலில் செல்லும் வழியே அது.

ஒரே பெயர் தாங்கிய இரண்டு இடங்கள்

லோதிப் பூங்கா ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்புடையது. சையது வமிசத்து முகமது ஷா, லோதி வமிசத்து சிக்கந்தர் லோதி ஆகியோரின் கல்லறைகளும், படா கும்பத், ஷீஷ் கும்பத் ஆகிய கட்டடங்களும் இதனுள் உள்ளன. இக்கட்டடங்களைச் சூழ்ந்திருந்த கைர்பூர் என்ற கிராமத்து மக்களை வேறிடத்தில் குடியமர்த்திய பின்னரே பூங்கா உருவாக்கப்பட்டது. 1936 ஏப்ரல் 9 அன்று அது லேடி வில்லிங்டன் பூங்கா என்ற பெயரில் திறந்து வைக்கப்பட்டது. சுதந்திரம் அடைந்த 1947-ஆம் ஆண்டில் லோதிப் பூங்கா எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1968-இல் கட்டடக் கலைஞர் ஜோசஃப் ஆலன் ஸ்டைன், நிலவெளி வடிவமைப்பாளர் காரட் எக்போ ஆகியோரின் திட்டப்படி மாற்றி அமைக்கப்பட்டது. பூங்காவினுள் செல்லக் கட்டணம் கிடையாது.

அக்காலத்தில் தில்லியின் விமானத் தளமும் வில்லிங்டன் பெயரையே தாங்கியிருந்தது. சப்தர்ஜங் கல்லறைக்கு அருகில் அமைந்த அத்தளம் பின்னர் சப்தர்ஜங் விமான நிலையம் எனப் பெயர் பெற்றது. அங்கு இறங்கிய பயணி ஒருவர் பூங்காவுக்கு நடந்தே சென்றிருக்கலாம். 1962-இல் விமானப் போக்குவரத்து நகரின் தென்மேற்கே உள்ள பாலம் என்ற ஊருக்கு மாற்றப்பட்டது. பெரிய விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதை தேவை. நீண்ட ஓடுபாதைக்கு நகருக்கு வெளியே நிலம் தேவை. உலகின் பல பெருநகரங்களில் நிகழ்ந்த மாற்றமே இங்கும் நிகழ்ந்தது. பாலம் விமான நிலையம் 1986-இல் இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையம் எனப் பெயரிடப்பட்டது. விமானம் வேகமாயிற்று, விமான நிலையமோ நகரை விட்டு விலகிற்று. வானில் மிச்சமான நேரம் சாலையில் செலவாகத் தொடங்கியது. விமான நிலைய ரயிலின் தேவை இந்த முரண்பாட்டிலிருந்தே எழுந்தது.

மூன்று வழிகள்

இன்று இப்பயணத்தை ரயிலில் மேற்கொள்ள மூன்று வழிகள் உள்ளன. பன்னாட்டு விமானங்கள் வந்து சேரும் மூன்றாம் முனையத்தில் இறங்குபவர், அங்கேயே உள்ள நிலையத்தில் விமான நிலைய விரைவு ரயிலில் ஏறி, 20 நிமிடங்களுக்குள் புது தில்லி நிலையத்தை அடையலாம். அங்கு மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடத்துக்கு நடந்து சென்று, தெற்கு நோக்கிச் செல்லும் வண்டியில் ஏற வேண்டும். ராஜீவ் சௌக், மத்தியச் செயலகம் ஆகியவற்றைக் கடந்து ஆறாவது நிலையமாக வருவது ஜோர் பாக். அங்கிருந்து லோதி சாலை வழியே கிழக்கு நோக்கி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்தால் பூங்காவை அடையலாம். இவ்வழியில் ஒரு விந்தை உண்டு. விமான நிலையம் நகரின் தென்மேற்கில் உள்ளது. புது தில்லி நிலையமோ பூங்காவுக்கு வடக்கே உள்ளது. ஆகவே பயணி பூங்கா இருக்கும் பகுதியைத் தாண்டி வடக்கே சென்று, மீண்டும் தெற்கே திரும்பி வருகிறார்.

இச்சுற்றைத் தவிர்ப்பது இரண்டாவது வழி. விரைவு ரயிலில் தௌலா குவான் வரை சென்று, அங்கிருந்து உயர்நடைபாலம் வழியாக இளஞ்சிவப்புத் தடத்தின் துர்காபாய் தேஷ்முக் தெற்கு வளாக நிலையத்தை அடையலாம். அத்தடத்தில் நான்காவது நிலையமான தில்லி ஹாட்–ஐ.என்.ஏ.வில் இறங்கி மஞ்சள் தடத்துக்கு மாறினால், வடக்கே அடுத்த நிலையம் ஜோர் பாக். தூரம் குறைவு; ஆயினும் ஒரு முறைக்குப் பதில் இருமுறை வண்டி மாற வேண்டும்.

மூன்றாவது வழி உள்நாட்டு விமானங்களுக்கான முதலாம் முனையத்திலிருந்து தொடங்குகிறது. 2018 மே மாதத்தில் திறக்கப்பட்ட மெஜந்தா தடப் பகுதி இம்முனையத்தைத் தொடுகிறது. அதில் ஹௌஸ் காஸ் வரை சென்று மஞ்சள் தடத்துக்கு மாறினால், வடக்கே நான்காவது நிலையம் ஜோர் பாக். விமான நிலையத்துக்கெனத் தனியே அமைக்கப்படாத, நகர மக்களின் அன்றாடத் தடம் ஒன்றே இங்கு அப்பணியைச் செய்கிறது. இதில் சாதாரண மெட்ரோ கட்டணமே வசூலிக்கப்படுகிறது. விரைவு ரயிலுக்கோ தனிக் கட்டண விகிதம் உண்டு.

ஓர் ஒப்பந்தத்தின் வரலாறு

முதல் வழியின் வரலாறு திட்டமிடுவோர் கருத்தூன்றிப் படிக்க வேண்டியதாகும். தில்லி மெட்ரோ ரயில் கழகம் 1995-இல் மத்திய அரசும் தில்லி அரசும் சம பங்கு முதலீடு செய்து நிறுவிய அமைப்பு. அதன் முதற்பகுதி 2002 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. மற்றத் தடங்களைக் கழகமே அமைத்து நடத்திவர, விமான நிலையத் தடம் மட்டும் பொதுத் துறையும் தனியார் துறையும் கூட்டாக நிறைவேற்ற வேண்டிய திட்டமாக வகுக்கப்பட்டது. 2008-இல் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தப்படி சுரங்கங்கள், மேம்பாலங்கள் முதலான கட்டுமானப் பணிகளைக் கழகம் ஏற்றது. வண்டிகள், சமிக்ஞை முதலிய அமைப்புகளை நிறுவி 30 ஆண்டுகள் நடத்தும் பொறுப்பை ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர், ஸ்பெயின் நாட்டின் சி.ஏ.எஃப். ஆகியவை சேர்ந்து அமைத்த நிறுவனம் ஏற்றது.

2010 அக்டோபரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்கு முன் தடத்தைத் திறப்பது நோக்கமாக இருந்தது, அது நிறைவேறவில்லை. 2011 பிப்ரவரி 23 அன்று போக்குவரத்து தொடங்கியது. 2012 ஜூலையில், மேம்பாலத் தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் இடையே அமைந்த தாங்கு பாகங்களில் குறைபாடுகள் காணப்பட்டதால் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பழுது பார்க்கப்பட்டு 2013 ஜனவரியில் மீண்டும் தொடங்கியபோது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகமே அனுமதிக்கப்பட்டது. இதற்கிடையில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாகத் தனியார் நிறுவனம் அறிவித்தது. 2013 ஜூலை 1 முதல் கழகமே தடத்தை நடத்தி வருகிறது.

வழக்கு அதன் பின்னும் நீண்டது. 2017-இல் நடுவர் மன்றம் நிறுவனத்துக்கு 2,700 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை வட்டியுடன் வழங்கத் தீர்ப்பளித்தது. 2019-இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதனைத் தள்ளியது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதனை மீண்டும் நிலைநிறுத்தியது. சீராய்வு மனுவும் தள்ளுபடியான பின்னர் கழகம் தாக்கல் செய்த இறுதித் திருத்த மனுவின்மீது, 2024 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் தனது முந்தைய தீர்ப்பையே விலக்கி, உயர் நீதிமன்ற அமர்வின் முடிவை மீட்டளித்தது. ரயில் ஓடத் தொடங்கி 13 ஆண்டுகள் கழிந்த பின்னரே, தோல்விக்கான செலவு யாரைச் சாரும் என்பது முடிவாயிற்று.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் தனியார் துறை வேண்டும் அல்லது வேண்டாம் என்பதன்று. ஒரு தடத்தின் தூண்களை ஒருவரும் அதன்மீது ஓடும் வண்டிகளை மற்றொருவரும் பொறுப்பேற்கும்போது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுது நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்திலேயே ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக்கப்பட வேண்டும்.

காலி இருக்கையின் விலை

பொருளாதார மாணவர்கள் கவனிக்க வேண்டியது கட்டண வரலாறு. ரயில் போக்குவரத்தில் நிலைச் செலவு மிகப் பெரியது. கூடுதலாக ஒரு பயணியை ஏற்றிச் செல்வதற்கான செலவோ மிகச் சிறியது. குறித்த நேரத்தில் புறப்படும் வண்டி நிறைந்து சென்றாலும் காலியாகச் சென்றாலும், ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றே. எனவே காலி இருக்கை என்பது மீண்டும் பெற முடியாத இழப்பாகும்.

தொடக்கத்தில் இத்தடத்தின் கட்டணம், விமானத்தில் வருபவர் வாடகைக் காருக்குத் தரும் தொகையோடு ஒப்பிட்டே கருதப்பட்டது. அவ்வாறு ஒப்பிட்டால் கட்டணம் குறைவுதான். ஆனால் அத்தடத்தைப் பயன்படுத்தக்கூடியவர்கள் விமானப் பயணிகள் மட்டுமல்லர். விமான நிலையத்தில் சுமை தூக்குவோர், துப்புரவுப் பணியாளர், கடைச் சிப்பந்திகள், துவாரகாவில் குடியிருந்து நகரில் பணிபுரியும் எழுத்தர்கள் ஆகியோரும் அதே திசையில் நாள்தோறும் செல்பவர்கள். அவர்கள் ஒப்பிடுவது வாடகைக் காரோடு அன்று, பேருந்தோடு. கழகம் பொறுப்பேற்ற பின் 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் கட்டணம் கணிசமாகக் குறைக்கப்பட்டது. பயணிகளின் எண்ணிக்கை உயர்ந்தது. இவ்வுயர்வு முழுவதையும் கட்டணக் குறைப்பின் விளைவெனக் கொள்வதற்கில்லை. வேகம் படிப்படியாகக் கூட்டப்பட்டு 2023-இல் மணிக்கு 120 கிலோமீட்டரை எட்டியதும், புதிய தடங்களோடு இணைப்புகள் ஏற்பட்டதும் இதில் பங்கு பெற்றன. எனினும், விமானப் பயணிக்கென வகுத்த ரயில் நகரவாசியின் ரயிலாகவும் மாறிய பின்னரே அதன் இருக்கைகள் நிரம்பத் தொடங்கின என்பது தெளிவு.

இணைப்பின் மதிப்பு

தௌலா குவானில் விரைவு ரயில் நிலையம் 2011-இலேயே திறக்கப்பட்டது. இளஞ்சிவப்புத் தடத்தின் நிலையம் 2018-இல் வந்தது. இரண்டுக்கும் இடையே பெருஞ்சாலைகள் குறுக்கிட்டன. ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய உயர்நடைபாலம், நகரும் நடைபாதைகளுடன், 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பின்னரே இரு தடங்களும் பயணிகளைப் பொறுத்தவரை ஒன்றாயின. பாதை அமைக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு நடைபாலத்தின் செலவு சிறிது. ஆனால் இரு பாதைகளின் பயனையும் பெருக்குவது அதுவே.

தண்டவாள அகலமும் இத்தகையதே. மஞ்சள் தடம் நமது ரயில்வேயின் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் அமைந்தது. விரைவு ரயில் 1,435 மில்லிமீட்டர் பாதையில் ஓடுகிறது. ஆகையால் ஒரு தடத்தின் வண்டி மற்றொன்றில் ஓட இயலாது. இது தொடக்கத்தில் செய்யப்பட்ட தேர்வு. பின்னர் மாற்ற இயலாதது. மாற்ற இயலாத இடத்தில் பயணி நடக்க வேண்டியிருக்கிறது. அந்நடையை எளிதாக்குவதே நிர்வாகத்தின் கையில் எஞ்சியுள்ள பணி.

கடைசிக் கிலோமீட்டர்

ஜோர் பாக் நிலையத்திலிருந்து வெளிவரும் பயணி இதுவரை விமான நிலைய நிறுவனத்தின் கட்டடத்தையும் மெட்ரோ கழகத்தின் வண்டிகளையும் பயன்படுத்தியிருக்கிறார். இனி அவர் நடப்பது நகராண்மையின் நடைபாதையில். பூங்காவைப் பராமரிப்பது புது தில்லி மாநகராட்சி மன்றம். அதனுள் உள்ள நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பது இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை. ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லைக்குள் பணியைச் செம்மையாகச் செய்தாலும், எல்லைகள் சந்திக்கும் இடங்களில் பயணி தனித்து விடப்படலாம். மே மாத வெயிலில் நிழலற்ற ஒரு கிலோமீட்டர் என்பது, கையில் பெட்டியும் உடன் முதியவர்களும் இருப்பவருக்கு வாடகைக் காரை அழைக்கப் போதிய காரணமாகும்.

இக்குறைபாடு கொள்கை வகுப்போர் அறியாததன்று. ஒவ்வொரு பெருநகருக்கும் ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் தேவையென 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை பரிந்துரைத்தது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை, நிலையங்களைச் சுற்றிலும் நடைபாதை, மிதிவண்டிப் பாதை, சிற்றுந்து வசதி ஆகியவற்றுக்கான திட்டத்தையும் மாநிலங்கள் தம் கருத்துருக்களில் சேர்க்க வேண்டுமென வலியுறுத்தியது. செலவு மதிப்பீட்டில் நடைபாதைக்கும் ஓர் இனம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே இதன் பொருள்.

லோதிப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதற்காக ஒரு கிராமமே இடம் பெயர்ந்தது. அரசு பல்லாண்டுகளாக அதைப் பேணி வருகிறது. அனைவருக்கும் உரிய அச்சொத்து, சென்றடையும் வழி எல்லாருக்கும் எட்டுவதாக இருந்தால்தான் உண்மையில் அனைவருக்கும் உரியதாகும். மூன்றாம் முனையத்திலிருந்து புறப்படும் ரயில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தின் பயனைப் பயணி முழுமையாகப் பெறுவது, புது தில்லியில் வண்டி மாறும் நடையும் லோதி சாலையின் நடைபாதையும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைப் பொறுத்ததே. புதிய விமான நிலையத் தடங்களைத் திட்டமிடும் நகரங்கள், பாதையின் நீளத்தோடு அதன் இரு முனைகளுக்கும் அப்பால் உள்ள தூரத்தையும் முதல் மதிப்பீட்டிலேயே கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.