எண்பது எழுத்துக்குள் சூரியன்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்)

கொடைக்கானல் என்றதும் ஏரியும் குறிஞ்சி மலரும் நினைவுக்கு வருவது இயல்பே. கணிப்பொறி பயில்வோர்க்கு அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடமும் நினைவுக்கு வரவேண்டும். 1899-இல் நிறுவப்பட்ட அக்கூடத்தில் 1904 முதல் கண்ணாடித் தகடுகளில் பதிவான சூரியப் படங்கள் இன்று எண்வடிவம் பெற்று, ‘ஃபிட்ஸ்’ என்னும் வகைக் கோப்புகளாக உள்ளன.

வானியலார் 1981-இல் வெளியிட்ட இம்முறையில், நாள், கருவி போன்ற ஒவ்வொரு குறிப்புக்கும் சரியாக 80 எழுத்து இடம். பழைய துளை அட்டையின் 80 பத்திகள் விட்டுச்சென்ற எச்சம் அது! குறிப்பு 20 எழுத்தில் முடிந்தாலும் மீதி 60 இடமும் வெற்றிடத்தால் நிரப்பப்படும். வீண்தானே என்று தோன்றும். ஆனால் 37ஆம் குறிப்பு எங்கே தொடங்குகிறது? 36 × 80 = 2880 பைட் கடந்ததும். ஒரு பெருக்கலே போதும், தேடவேண்டியதில்லை.

தரவுத்தள அட்டவணைகளிலும் இதே இருவகை உண்டு. நிலைநீளப் பத்திக்குப் பெயர் ‘சார்’ (நம் ஆசிரியர்களை அழைக்கும் சொல் அன்று!). மாறுநீளப் பத்திக்குப் பெயர் ‘வார்சார்’; இதில் எழுத்துகளுக்கு முன் அவற்றின் நீளமும் ஒன்றிரண்டு பைட்டில் குறிக்கப்படும். நிலைநீளமே விரைவானது என்று பலர் இன்றும் கருதுகின்றனர். மைஎஸ்கியூஎல்லின் பழைய ‘மைஐசாம்’ அமைப்பில் அது உண்மையே. எல்லாப் பத்தியும் நிலைநீளமாயின், வரிசை எண்ணை வரிசை நீளத்தால் பெருக்கியே இடத்தை அது கண்டுகொண்டது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நிலைமை வேறு. தரவு 8192 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிந்துள்ளது. எந்த வரிசை எங்கே உள்ளது என்பதை ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலுள்ள சுட்டிப் பட்டியல் சொல்லிவிடும். பெருக்கலுக்கு அங்கே வேலையே இல்லை. மிஞ்சுவது வெற்றிடம் மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூரியப் படங்களுக்கு நாமே ஓர் அட்டவணை அமைத்து, வானிலைக் குறிப்புக்கு 200 எழுத்து நிலைநீளம் ஒதுக்குவதாகக் கொள்வோம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘மேகம்’ என்பது 5 குறியீடு, 15 பைட். அதனுடன் 195 வெற்றிடம் சேர்ந்து 210 பைட். மாறுநீளத்தில் 16 பைட்டே போதும். முதல் முறையில் ஒரு பக்கத்தில் நாற்பது வரிசைகூட அடங்காது. இரண்டாவதில் நூற்றுக்கு மேல் அடங்கும். வட்டிலிருந்து படிக்கவேண்டிய பக்கங்கள் குறைவதே விரைவுக்குக் காரணம்.

மேலும் ஒன்று. தமிழுக்கு 3 பைட்டும் ஆங்கிலத்துக்கு 1 பைட்டும் ஆவதால், 200 எழுத்து என்பது 200 பைட்டாகவும் இருக்கலாம், 600 ஆகவும் இருக்கலாம். ஆகவே போஸ்ட்கிரெஸ் ‘சார்’ பத்தியையும் உள்ளுக்குள் மாறுநீளமாகவே வைத்துக்கொள்கிறது! பெயரளவில்தான் அது நிலைநீளம்.

நீளத்துக்கு வரம்பு இடுவதிலும் எச்சரிக்கை தேவை. ஆரக்கிளில் வேறு குறிப்புத் தராவிடில் வரம்பு பைட்டில் கணக்காகும். ஊர்ப் பெயருக்கு 30 என்று விதித்தால் ஆங்கிலத்தில் தாராளம். தமிழில் ‘கொடைக்கானல்’ 33 பைட், ‘வத்தலக்குண்டு’ 39 பைட். இரண்டையும் அது ஏற்காது. ஆங்கிலத்தை மட்டும் எண்ணி அளந்த பெட்டிக்குள் நம் ஊர்களுக்கு இடமில்லாமற் போவது எனக்கு உவப்பாயில்லை.

எட்டு இலக்க நாள் போல என்றும் நீளம் மாறாதவற்றுக்கு நிலைநீளம் பொருந்தும். ஃபிட்ஸ் கூடப் பின்னாளில் மாறுநீளத்துக்கு வழிவிட்டது. அதன் இரும அட்டவணையில், வரிசைக்குள் எத்தனை உறுப்புகள், எங்கே தொடங்குகின்றன என்ற இரண்டு எண்கள் மட்டும் நிலையாக நிற்கும். உண்மைத் தரவு அட்டவணைக்குப் பின்னால் ‘குவியல்’ என்ற தனியிடத்தில் கிடக்கும்.