முக்கால் தீவில் ஒரு நாள்

"ஒரே நாள்தான். விடியக்காலம் வேன் ஏறினா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். பொம்பளையாளுங்க மட்டும்தான். கூடவே ஊர் சுத்திக் காட்ட ஒரு பையன் வர்றான்" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னபோது, எனக்குக் கசக்குமா? பள்ளிக்கூடம் லீவு விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் பிள்ளைகள் போடும் சத்தத்தில் காது அடைத்துப் போயிருந்தது. திருநெல்வேலியில் கிளம்பி, திருச்செந்தூர், அப்புறம் மணப்பாடு. அங்கே குன்று, குகை, கோயில், கடற்கரை. தலைக்கு இவ்வளவு என்று பணத்தைக் கட்டிவிட்டோம்.

எங்கள் வீட்டிலிருந்து நான், என் இரண்டு பிள்ளைகள், அத்தை, ஓரகத்தி, அவளுடைய ஐந்து மாதக் கைக்குழந்தை. "பச்சப்புள்ளய மே மாச வெயில்ல தூக்கிட்டுப் போகணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்கத்தான் செய்தார். பேரனைச் செந்தூர் முருகன் சன்னிதியில் கிடத்தி எடுப்பதாக அத்தைக்கு ஒரு வேண்டுதல். அதற்கு மேல் யார் பேசுவது?

முதல் நாளே நிகழ்ச்சி நிரல் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். புறப்பாடு, டிபன், தரிசனம், குன்று ஏறுதல், மதியச் சாப்பாடு, கடலில் கால் நனைத்தல், டீ, திரும்புதல் எல்லாம் நிமிஷக் கணக்கில் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. அது என்ன என்று வெளியூர் போய்வந்த பெண்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

நான் பழைய ஆள். பயணம் என்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். காலையில் அரை டம்ளர் காப்பி, அத்தோடு சரி. போகிற இடத்தில் 'இடம்' எப்படி இருக்குமோ, யாரிடம் கேட்பதோ, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கே நிற்பதோ! என் அம்மாவும் இப்படித்தான் செய்தாள். அவள் சொல்லித் தரவில்லை, பார்த்தே கற்றுக்கொண்டது. வழியில் டிபனுக்கு நிறுத்திய இடத்தில் ஒரே ஒரு கழிப்பறை, முன்னால் பதினைந்து பேர். நாங்கள் வரிசையில் நின்று பாதி தூரம் வருவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். "சரி, அடுத்த இடத்துல பாத்துக்கலாம்" என்று ஏறிவிட்டோம்.

திருச்செந்தூரில் கூட்டம் சொல்லி முடியாது. வேண்டுதல் நல்லபடியாக முடிந்தது. கோயிலுக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணறு. கடல் கூப்பிடு தூரத்தில் அலையடிக்கிறது, இந்தச் சின்னக் கிணற்றில் மட்டும் தண்ணீர் உப்புக் கரிக்காது. "எப்பிடிம்மா?" என்று என் மூத்தவள் கேட்டாள். "முருகன் வேல் போட்ட இடம்" என்றார் அத்தை. கூட வந்த பையன், "அது சரிதான் பாட்டி. இதே மாதிரி இன்னொண்ணு மணப்பாட்டுல இருக்கு, அங்க வச்சு விளக்குறேன்" என்றான். கெட்டிக்காரன்.

அங்கிருந்து தெற்கே சுமார் 18 கிலோ மீட்டர். வழியில் குலசேகரன்பட்டினம். தசரா சமயம் லட்சக்கணக்கில் வேஷம் கட்டி ஆடுகிற முத்தாரம்மன் ஊர். 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். இரண்டு பக்கமும் பனைமரக் கூட்டம். உடன்குடிக் கருப்பட்டி இந்தப் பக்கத்துச் சரக்குதான் என்று பையன் சொன்னதும், எல்லோரும் திரும்பும்போது வாங்க வேண்டும் என்று முடிந்து வைத்துக்கொண்டோம்.

மணப்பாட்டுக்குள் நுழைந்ததும் வேன் முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு மீனவக் கிராமத்தில் இவ்வளவு பெரிய பழைய மாளிகைகளா! இலங்கையோடு வியாபாரம் செய்து செழித்த குடும்பங்கள் கட்டியவையாம். தெருக் கடைசியில் கடலுக்குள் துருத்திக்கொண்டு ஒரு மணல் குன்று. அதன் உச்சியில் வெள்ளையாகத் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். மேலே நின்று பார்த்தால் மூன்று பக்கமும் தண்ணீர். ஒரு பக்கம் அலை மோதுகிறது, இன்னொரு பக்கம் மணல் திட்டுக்குள் குளம் போலச் சாந்தமாகக் கிடக்கிறது.

"இது தீவாம்மா?" என்றான் சின்னவன்.

"முக்கால் தீவு. மிச்சம் கால்வாசிதான் நம்ம வேன் வந்த பாதை" என்றான் பையன். வேனில் வந்த கல்லூரிப் பெண்ணுக்கோ, 2013-ல் வந்த மணிரத்னத்தின் 'கடல்' இங்கே எடுத்தது என்று தெரிந்ததும் கால் தரையில் நிற்கவில்லை.

கோயிலின் கதையைப் பையன் அழகாகச் சொன்னான். 1540 வாக்கில் புயலில் சிக்கிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், உயிரோடு கரை சேர்ந்தால் முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டாராம். கரை சேர்ந்த இடம் இதுதான் என்பது ஊர் வழக்கு. 1581-ல் கோயில் எழுந்தது. செப்டம்பர் 14-ந் தேதி மகிமைத் திருவிழாவுக்கு எல்லா ஊரிலிருந்தும் ஜனங்கள் வருவார்கள். நேர்ச்சை என்றால் கடல்கரையில் சாமிக்குச் சாமி வித்தியாசம் இல்லை போலிருக்கிறது! அத்தை அங்கேயும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்.

குன்றின் கடல் பக்கத்துச் சரிவில் குகை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபம் செய்த இடம். 1544-ல் இந்த ஊரிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. குகைக்குள்தான் அந்தக் கிணறு. பத்தடி தள்ளிக் கடல், உள்ளே குடிக்கிற தண்ணீர். பையன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான்.

"மழைத் தண்ணி மணலுக்குள்ள இறங்குது. உப்புத் தண்ணி கனம், நல்ல தண்ணி லேசு. அதனால நல்லது மேல மிதக்கும், உப்பு கீழ நிக்கும். மாலத்தீவு, லட்சத்தீவுல எல்லாம் ஜனங்க காலங்காலமா இதை வச்சுத்தான் பொழைச்சாங்க. வாளியில மொண்டு குடிச்சா வருஷம் பூரா வரும். மோட்டார் போட்டு உறிஞ்சினா கீழ இருக்கிற உப்பு ஏறி வந்துடும். இந்தக் கரையில நிறையக் கிணறு அப்படித்தான் கெட்டுப்போச்சு."

நல்ல விஷயம்தான். ஆனால் பாதிக்கு மேல் என் காதில் ஏறவில்லை. தலை விண்விண்ணென்று தெறித்தது. வாய் ஒட்டிக்கொண்டது. குகையிலிருந்து மேலே ஏறும்போது நாலாவது படியில் கண் இருட்டி, அப்படியே கைப்பிடிச் சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். நெற்றியில் குளிர்ந்த வியர்வை. சின்னவன் "அம்மா! அம்மா!" என்று அலறுகிறான், எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

படியோரம் ஓலைப்பெட்டி விற்றுக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னை நிழலுக்கு நகர்த்தி, கழுத்தடியில் ஈரத் துண்டைப் போட்டு, ஓலை விசிறியால் விசிறினார். பிறகு சுற்றி நின்ற கூட்டத்தைப் பற்றிக் கவலையே படாமல் கேட்டார்:

"ஏ மக்கா, காலையிலேருந்து எத்தன வாட்டி ஒண்ணுக்குப் போனே?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மணி ஒன்று. காலை ஐந்து மணிக்கு வீட்டில் போனதுதான்.

"தண்ணி?"

நான் பேசவில்லை. "அதானே பாத்தேன். இங்க வாற பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் இதே கததான். எந்திரி, வீடு பக்கத்துலதான்" என்றார். மெல்ல நடத்திக் கூட்டிப் போனார். அத்தையும் ஓரகத்தியும் பின்னால் வந்தார்கள். முதலில் பின்கட்டுக்குப் போகும் வழியைக் காட்டினார். அந்த நேரத்தில் அந்த வீடு எனக்கு எந்த மாளிகைக்கும் குறைச்சலாகத் தெரியவில்லை.

வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலக்கிக் கொடுத்தார். "மடமடன்னு ஊத்தாத, குமட்டும். மடக்கு மடக்கா குடி." கால் மணியில் கண் தெளிந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கலப்பதும் இதே பக்குவம்தான்: காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிள்ளைக்கு என்றால் இதெல்லாம் நினைவுக்கு வருகிறது. நமக்கு என்றால்?

"எங்க வீட்டு ஆளுக கடலுக்குப் போகும்போது வலைக்கு முன்னால படகுல ஏத்துறது தண்ணிக் கேன்தான். சுத்தி அம்புட்டுத் தண்ணி கெடந்தாலும் ஒரு வாய் குடிக்க முடியாதுல்லா? நீங்க என்னடான்னா கையில பாட்டில வச்சுக்கிட்டே காயுதீக" என்றார் அக்கா.

அப்போதுதான் அத்தை மெதுவாக ஒரு குண்டைப் போட்டார். "நானும் காலையில அந்த மாத்திரையப் போடலம்மா." எந்த மாத்திரை? ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்திருக்கும் நீர் மாத்திரை! அது போட்டால் அடிக்கடி எழுந்து போக வேண்டுமே என்று, கல்யாணம் காட்சி, பயணம் என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுவாராம். வருஷக்கணக்காக நடக்கிறது, ஒரே வீட்டில் இருக்கும் எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்து டாக்டரிடம் சொன்னபோது அவர் நன்றாகக் கோபித்துக்கொண்டார். "நீங்களா நிறுத்தாதீங்க. பயணம் இருந்தா முன்னாடியே என்கிட்ட கேளுங்க, எந்த நேரத்துல போடலாம்னு நான் சொல்றேன்" என்றார். உப்பு கலந்த தண்ணீர்கூட ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அவரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டுமாம்.

என்னையும் அவர் விடவில்லை. தண்ணீர் குடிக்காமல், வருவதையும் அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீரில் கிருமி தங்கிவிடும். எரிச்சல், அடிவயிற்று வலி, குளிரோடு காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் செய்துகொண்டிருக்காமல் உடனே வர வேண்டும். கர்ப்பிணிகள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வெயிலில் தலைசுற்றலும் குமட்டலும் வந்தால் நிழல், ஈரத்துணி, தண்ணீர் என்று சமாளிக்கலாம். ஆனால் உடம்பு நெருப்பாய்க் கொதித்துப் பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டியதுதான். நான் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன்.

மணப்பாட்டுக்குத் திரும்பி வருகிறேன். அக்காவின் பார்வை அடுத்துக் கைக்குழந்தை மேல் விழுந்தது. "பிள்ளைக்குத் துணி எப்ப மாத்தினே?" ஓரகத்தி விழித்தாள். திருச்செந்தூருக்கு முன்னால் மாற்றியது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் துணி காய்ந்தே இருந்தது. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் சோர்ந்து கிடந்தது. தூங்குகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்! வேனில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கூச்சப்பட்டு இவள் பால் கொடுப்பதைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். தானும் என்னைப் போலவே தண்ணீரைத் தொடவில்லை.

அத்தை பதறிப்போய், "ஒரு சங்கு தண்ணி குடுப்போமா?" என்றார். "வேண்டாம். ஆறு மாசம் வரைக்கும் எந்த வெயிலுக்கும் தாய்ப்பால்தான். தண்ணி தாய் குடிக்கணும்" என்றார் அக்கா. ஓரகத்திக்கு இரண்டு சொம்பு தண்ணீரும், நாலு நுங்கும் கொடுத்து உள் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். குழந்தை முதலில் சப்பவே சோம்பியது. "அரை மணியில சுறுசுறுப்பு வரலேன்னா திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குத்தான்" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து 'சப்சப்' என்று சத்தம் கேட்டது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குள் எங்களைத் தேடிக்கொண்டு வேன் கூட்டம் முழுக்க அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும், ஆச்சரியம் என்ன தெரியுமா? பதினோரு பெண்களும் ஒருவர் பின் ஒருவராகப் பின்கட்டுக்குப் போய் வந்தார்கள்! ஒருத்திகூட அதுவரை வாய் திறக்கவில்லை. பையன் தலையைச் சொறிந்தான். "யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா..." அவனைக் குறை சொல்லவும் மனசில்லை. இருபத்திரண்டு வயசுப் பையனிடம் எந்தப் பெண் போய்ச் சொல்வாள்? நிகழ்ச்சி நிரல் எழுதியவர்கள் ஆண்பிள்ளைகள். அவர்களுக்கு வழியெல்லாம் வேலி ஓரம்தான்.

மதியச் சாப்பாடும் அங்கேயே திண்ணையில் முடிந்தது. கொண்டுபோன புளியோதரையில் புளியும் உப்பும் தூக்கல், தாகத்துக்கு எண்ணெய் ஊற்றுகிற சாப்பாடு. அடுத்த முறை இட்லியும், வெள்ளரிக்காயும்தான். சாப்பிடும்போதே அக்கா பெட்டி முடைந்துகொண்டிருந்தார். பனங்குருத்தோலையைக் காய வைத்து, ஈர்க்கு நீக்கிக் கிழித்து, சாயத்தில் வேக வைத்து எடுத்தால்தான் நிறம் போகாதாம். கை பாட்டுக்கு ஓடுகிறது, கண் என் பிள்ளைகள் மேல். "அந்தப் பக்கம் அல கூடாது. இந்தப் பக்கம் ஆழமில்லாத தண்ணி, பெரிய ஆள் ஒருத்தர் கூட நின்னா வெளையாடட்டும்" என்று இடம் காட்டினார். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. ஆளுக்கு ரெண்டு பெட்டி வாங்கினோம்.

திரும்பும்போது பையன் தாளை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டே, "உடன்குடியில கருப்பட்டி வாங்க 15 நிமிஷம். அங்க ஒரு நல்ல கழிப்பறையும் இருக்கு, வேணுங்கிறவங்க தாராளமாப் போகலாம். ஹாரன் அடிக்க மாட்டோம்" என்று உரக்க அறிவித்தான். வேன் முழுக்கச் சிரிப்பு. அத்தை பாட்டிலைத் திறந்து, எல்லோரும் பார்க்க ரெண்டு மடக்குக் குடித்தார்.

ஓரகத்தி அசந்து தூங்க, குழந்தையை என் மடியில் போட்டுக்கொண்டேன். வீரபாண்டியன்பட்டினம் தாண்டியிருப்போம். மடி வெதுவெதுப்பாக நனைந்தது. முந்தின வாரம் எடுத்த புதுப் புடவை!

"அத்தை, நனைச்சுட்டான்!" என்று கத்தினேன்.

"நனைக்கட்டும், நனைக்கட்டும்" என்றார் அத்தை, முன் சீட்டிலிருந்து கை நீட்டித் துணியைத் தொட்டுப் பார்த்தபடி.