தன் நிலத்தைக் கேட்கக் கடன் வாங்கிய மக்கள்

வங்கியில் இருந்த காலத்தில் கடன் மனு கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது 'நோக்கம்' என்ற கட்டத்தைத்தான். கிணறு ஆழப்படுத்த, கறவை மாடு வாங்க, மகள் படிப்புக்கு என்று எழுதியிருப்பார்கள். "என் நிலத்தை எடுத்துக்கொண்டவரிடம் அதைத் திருப்பிக் கேட்கப் போகிறேன், பேச்சுவார்த்தைச் செலவுக்கு அவரிடமே கடன் வேண்டும்" என்று ஒரு மனு வந்திருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் கனடாவில் அப்படிப்பட்ட கடன் நிஜமாகவே இருந்தது. அதை வாங்கிய மக்களில் ஒருவர் நிஸ்கா பழங்குடிகள். அவர்களுடைய வரவு செலவைப் பார்த்தால் நிலம், அதிகாரம், பணம் மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது புரியும்.

கனடாவின் மேற்கு ஓரத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடபகுதியில் நாஸ் என்றொரு ஆறு ஓடுகிறது. சால்மன் மீன் ஏறி வரும் ஆறு. அதன் கரையில்தான் நிஸ்கா மக்களின் நான்கு ஊர்கள். ஆற்றையும் காட்டையும் எல்லாரும் கை வைத்துச் சாப்பிடும் ஒரே பாத்திரமாக நினைப்பது அவர்கள் மரபு. அந்த மண்ணை அவர்கள் யாருக்கும் விற்கவில்லை, எழுதியும் கொடுக்கவில்லை. இருந்தும் வெள்ளையர் அரசு அதைத் தன் சொத்து என்று வைத்துக்கொண்டது.

1887-ல் அவர்களுடைய தலைவர்கள் மாகாணத் தலைநகரான விக்டோரியாவுக்கே போய் முறையிட்டார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1913-ல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்கு மனு அனுப்பினார்கள். அதுவும் பலிக்கவில்லை. 1927-ல் கனடா அரசு ஒரு சட்டம் போட்டது. பழங்குடிகளின் நில உரிமை வழக்குக்காக, அரசின் அனுமதி இல்லாமல் யாரும் பணம் திரட்டக் கூடாதாம்! வக்கீலுக்குக் கொடுக்க நாலு பேரிடம் வசூல் செய்தாலே குற்றம். 1951 வரை இந்தத் தடை இருந்தது. வழக்கில் ஜெயிக்க விடாமல் செய்ய நீதிபதியைப் பிடிக்க வேண்டியதில்லை, எதிராளியின் மடியைக் கட்டிப்போட்டாலே போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தடை போன பிறகு, 1967-ல் ஃபிராங்க் கால்டர் தலைமையில் நீதிமன்றம் போனார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றத்துக்கு 1949-லேயே தேர்வாகிப் போன முதல் பழங்குடி உறுப்பினர் அவர். கீழே இரண்டு நீதிமன்றங்களிலும் தோல்வி. 1973-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், வெள்ளையர் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் பழங்குடிகளுக்கு உரிமை இருந்தது என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வியில் மூன்றுக்கு மூன்று. ஏழாவது நீதிபதி நடைமுறைக் குறையைச் சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார். காகிதத்தில் பார்த்தால் தோல்விதான். ஆனால் அந்தத் தோல்விதான் அரசைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வந்தது.

பேச்சு 1976-ல் தொடங்கி இருபது வருஷத்துக்கும் மேல் நீண்டது. வரைபடம், வக்கீல், ஆய்வாளர், பயணம் என்று செலவுக்கு மேல் செலவு. இதற்குத்தான் அரசு 'பேச்சுவார்த்தைக் கடன்' கொடுத்தது. பேச்சு இழுக்க இழுக்க யாருக்குக் கடன் ஏறும், சொல்லுங்கள்? அரசு அதிகாரிக்கு மாதச் சம்பளம் வந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் கடன். நிஸ்கா மக்களின் கடன் ஐந்து கோடி டாலரைத் தாண்டியது.

1998-ல் உடன்பாடு எட்டியது. அப்போது முன்னின்று பேசியவர் அவர்களுடைய தலைவர் ஜோசப் காஸ்னல். 2000 மே 11-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. விக்டோரியாவுக்குப் படியேறிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் 113 வருஷம்.

கிடைத்தது என்ன? சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் நிலம், அதாவது நம்ம கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஏக்கர். அதில் உள்ள மரமும் மண்ணுக்கடியில் உள்ள கனிமமும் அவர்களுக்கே. சால்மன் மீனில் பங்கு. சொந்தமாகச் சட்டம் போடவும் தம் மக்களிடம் வரி வாங்கவும் அதிகாரமுள்ள 'நிஸ்கா லிசிம்ஸ் அரசு'. ரொக்கமாகச் சுமார் 19 கோடி டாலர், பல வருஷத் தவணையில்.

கொடுத்தது என்ன? கேட்ட பூர்வீக நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மீதிக்கு இனி உரிமை கோர முடியாது. பழங்குடி என்பதால் இருந்த வரிவிலக்கும் போனது. விற்பனை வரி விலக்கு எட்டு வருஷத்திலும் வருமான வரி விலக்கு பன்னிரண்டு வருஷத்திலும் முடியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். போதாக்குறைக்கு, ஒரு கையில் தவணை வரும்போதே மறுகையால் பேச்சுவார்த்தைக் கடனையும் அடைக்க வேண்டியிருந்தது.

2019 பட்ஜெட்டில்தான் கனடா அரசு இந்த மாதிரிக் கடன்களையெல்லாம் தள்ளுபடி செய்வதாகவும், ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது. 200-க்கும் மேற்பட்ட பழங்குடிச் சமூகங்களுக்காக 140 கோடி டாலர். கடன் தள்ளுபடியைப் பார்த்து நெற்றியைச் சுருக்குவது வங்கிக்காரர்கள் பழக்கம். ஆனால் இந்தக் கடனைக் கொடுத்ததே தப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நில விஷயத்தில் அவர்கள் எடுத்த ஒரு முடிவு என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. பழைய சட்டத்தில் பழங்குடி ஊர்நிலம் அரசின் பெயரில் இருந்தது. மக்களுக்கு அனுபவ பாத்தியதை மட்டும். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க வழியில்லை. 2009-ல் நிஸ்கா அரசு சொந்தமாக ஒரு சட்டம் போட்டது. குடியிருப்பு மனை 0.2 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 50 சென்ட், தனிநபர் பெயரில் முழு உரிமையாக எழுதிக்கொள்ளலாம். விற்கலாம், அடமானம் வைக்கலாம். அப்படின்னா தவணை தவறினால்? மனை வெளியாள் கைக்கும் போகலாம். ஜப்தி நோட்டீஸ் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் பயம் உண்டு. ஆனால் கதவை வீட்டு மனைக்கு மட்டும்தான் திறந்தார்கள். காடும் ஆற்றங்கரையும் பொதுவிலேயே இருக்கின்றன. மனை யார் கைக்குப் போனாலும் அங்கே செல்லுவது நிஸ்கா சட்டம்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வருமானத்துக்காக அந்த அரசு கடற்கரையில் பெரிய எரிவாயு ஏற்றுமதித் திட்டம் ஒன்றில் பங்காளியாகச் சேர்ந்திருக்கிறது. பக்கத்துப் பழங்குடிகளிடமிருந்தே அதற்கு எதிர்ப்பு. இயற்கை விவசாயியான எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் சுயாட்சி என்றால் நமக்குப் பிடித்த முடிவை மட்டும் எடுப்பார்கள் என்று அர்த்தமில்லையே. அந்த முடிவின் லாப நஷ்டம் இரண்டும் இப்போது அவர்கள் பேரேட்டில் ஏறுகிறது.

உழவர் குழுக்களில் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மானியமோ கடனோ வரும்போது தொகையை அப்புறம் பாருங்கள். பேச்சு இழுத்தால் செலவு யார் தலையில் விழும், கையெழுத்துப் போட்ட பிறகு எதைத் திரும்பக் கேட்க முடியாது, நிலம் கடைசியில் யார் பெயரில் நிற்கும் – இந்த மூன்றையும் முதலில் படியுங்கள். நிஸ்கா மக்களுக்கு 2019-ல் பணம் திரும்பி வரும் வழி பிறந்தது. 1887-ல் படியேறிய அந்தப் பெரியவர்களில் ஒருவர்கூட அதைப் பார்க்க இருக்கவில்லை.