அன்னபூரணி சென்ற கரையில் ஒரு வழக்கு

அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி யார் என்று இடைநிலை வகுப்பு மாணவனைக் கேட்டால், பாடத்தை மனனஞ் செய்தவன் "ஜோன் அடம்ஸ்" என்பான். 1797 முதல் 1801 வரை என ஆண்டுங் கூறுவான். தேர்வு முடிந்த மறுநாள் பெயரும் ஆண்டும் ஒருங்கே மறைந்துவிடும்.

வல்வெட்டித்துறையில் இப்பாடத்தைக் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம். 1930ஆம் ஆண்டளவில் இவ்வூரிலே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை, றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். புதுப்பெயர் பூண்ட அக்கப்பல், வல்வை மாலுமிகளுடன் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து ஏறக்குறைய 30 மைல் தொலைவிலுள்ளது பொஸ்ரன் நகரம். அடம்ஸ் சட்டத்தரணியாக விளங்கியது அந்நகரிலேதான். தம் ஊரவர் கப்பலோட்டிச் சென்ற கரையிலே வாழ்ந்த மனிதரென்று கேட்டதும் மாணவன் நிமிர்ந்து உட்காருவான் அன்றோ?

அப்பொழுது 1770 மார்ச் 5ஆம் நாள் இரவைப் பற்றிச் சொல்லவேண்டும். பொஸ்ரன் தெருவிலே பிரித்தானியச் சிப்பாய்கள் கூட்டத்தின்மீது சுட்டனர், ஐவர் மாண்டனர். நகரம் கொதித்தது. சுட்டவர்களுக்காக வாதாட முன்வந்தவருள் ஒருவர் அடம்ஸ். அவரோ பிரித்தானிய ஆட்சியின் போக்கை எதிர்த்தவர்! எதிரியாயினும் சான்றின்றித் தண்டித்தலாகாது என்பது அவர் துணிபு. படைத்தலைவன் விடுதலையானான்; சிப்பாய்கள் எண்மருள் அறுவர் விடுவிக்கப்பட்டனர்; இருவர் கைமோசக்கொலைக் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

இங்கேதான் ஆசிரியருக்குச் சோதனை. 1989 ஆகஸ்டுத் திங்களில் இவ்வூரிலே பொதுமக்கள் பலர் இந்திய அமைதிப்படையினராற் கொல்லப்பட்டனர். "சுட்டவருக்காகவா வாதாடினார்?" என்று ஒரு மாணவி கேட்கலாம். "எங்கள் ஊரவருக்காக எந்த மன்றம் கூடிற்று?" என்று மற்றொருத்தி கேட்கலாம். அவ்வினாக்களை அடக்கி அடுத்த பக்கத்தைப் புரட்டுதல் ஆசிரியத் தொழிலன்று. கொலையை மறந்துவிடுமாறு அடம்ஸ் வேண்டவில்லை. அதனை அளந்தறிய வேண்டியது ஆத்திரமன்று, நீதிமன்றமே என்று நின்றார். மன்றம் கூடாதவிடத்தில் மாண்டவனுக்கும் நியாயமில்லை. குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கும் நியாயமில்லை. இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள வல்வைப் பிள்ளைகளுக்கு நெடிய விளக்கம் வேண்டியதில்லை.

அடம்ஸைத் தெய்வமாக்கவும் வேண்டாம். 1798இல் ஜனாதிபதியாயிருந்த அவரே, அரசைப் பழித்தெழுதுவோரைத் தண்டிக்குஞ் சட்டத்துக்கு ஒப்பமிட்டார். எனினும், அடுத்த தேர்தலில் ஜெபர்சனிடம் தோற்றபோது, படை திரட்டாது பதவியை விட்டகன்றார். குறையையும் நிறையையும் ஒருங்கே வைத்து எடைபோடும் பொறுப்பை மாணவரிடமே விடலாம்.

இளமையில் அடம்ஸும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவரது பாடத்தை நடத்தும் நம் ஆசிரிய நண்பர்கள், ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதுமுன், வகுப்பை ஒருமுறை கடற்கரைக்கு அழைத்துச் சென்று அன்னபூரணியின் கதையிலிருந்து தொடங்குவார்களாக.