நோயாளி பேச மாட்டார்... டாக்டர் தேவை!

நமக்குக் காய்ச்சல் வந்தால் தெருமுனை டாக்டரிடம் போகிறோம். நாக்கை நீட்டுகிறோம். "ரெண்டு நாளா உடம்பு வலி டாக்டர்" என்கிறோம். பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். நானூறு கிலோ எடையுள்ள, கனைக்க மட்டுமே தெரிந்த நோயாளிக்கு நீங்கள் டாக்டர் தேடியதுண்டா? நான் தேடினேன்!

சென்னைக்கு வெளியே ஒரு குதிரைச் சவாரிப் பள்ளி. பன்னிரண்டு குதிரைகள். சனிக்கிழமைதோறும் அங்கே கணக்கு எழுதுகிறேன். பி.காமில் கட்டடத்துக்கும் மெஷினுக்கும் தேய்மானம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். நம்மை முறைத்துப் பார்க்கிற சொத்துக்கு எப்படிப் போடுவது என்று சொல்லித் தரவில்லை!

லாயத்தில் நாலரை மணிக்கே பொழுது விடிந்துவிடும். முதலில் தீனி... கொள்ளு, ஓட்ஸ், கோதுமைத் தவிடு. நாள் முழுக்கப் புல். அவ்வளவு பெரிய உடம்பில் இரைப்பை சின்னது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை போட வேண்டும். தண்ணீர் மட்டும் ஒரு நாளைக்கு 30, 40 லிட்டர் குடிக்கும். அப்புறம் லத்தி அள்ளுவது (போலீஸ்காரர் கையில் இருப்பதல்ல, இது வேறு லத்தி!), உடம்பு தேய்ப்பது, நாலு குளம்பையும் தூக்கிக் கல், மண் நோண்டி எடுப்பது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வருவார்.

இதற்கெல்லாம் பொறுப்பு 'சைஸ்' பெரியவர். குதிரை பார்த்துக்கொள்பவரை லாயத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எந்தக் குதிரை இன்று எத்தனை தடவை லத்தி போட்டது என்பது, என் லெட்ஜரைவிடச் சுத்தமாக அவர் மனசில் பதிவாகியிருக்கும்.

இருபது வருஷமாக வந்துபோன டாக்டர் வயசாகி, மகள் வீட்டோடு போய்விட்டார். "புது டாக்டர் பாருப்பா" என்றார் முதலாளி. 1903-லேயே வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஊர் இது. டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் தெருவுக்குத் தெரு நாயும் பூனையும் இருக்கிற ஊரில், குதிரை தொட்டுப் பழகிய கை எத்தனை இருக்கும்?

முதலில் வந்தவர், "நாயின்னா தூக்கி மேஜையில வெச்சிடுவேன்... இது என்னையத் தூக்கிடும் போலிருக்கே!" என்று பத்தடி தள்ளியே நின்றார். அடுத்தவர் மாட்டு வைத்தியத்தில் கைராசிக்காரர். "மாட்டு வயிறு நாலு அறை, குதிரைக்கு ஒண்ணுதான். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி தொட மாட்டேன்" என்று சொல்லி, ஒரு பெண் டாக்டரின் நம்பரைக் கொடுத்தார். நல்ல மனுஷன்!

அந்த வாரமே நம்பருக்கு வேலை வந்தது. ராத்திரி பத்து மணி. 'ராணி' என்கிற பெட்டைக் குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, காலால் தரையைப் பறிக்கிறது, படுக்கிறது, எழுகிறது. வயிற்று வலி! கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். குடல் அடைத்தாலோ முறுக்கிக்கொண்டாலோ சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

போனில் முதலாளி ராணியின் வம்சாவளியிலிருந்து ஆரம்பித்தார். டாக்டரம்மா இடைமறித்தார்: "சார், குதிரையைப் பார்த்துக்கிறவர்கிட்ட போனைக் குடுங்க." பெரியவர் வாங்கினார். "ஐயா, கடைசியா எப்போ லத்தி போட்டுச்சு? தண்ணி குடிச்சுதா? ஈறு என்ன நிறம்?" எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில்! "தீனியை எடுத்துடுங்க. கை வைத்தியம்னு வாயில எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். இதோ வர்றேன்."

ஒரு மணி நேரத்தில் வந்தார். சும்மா நிற்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். ராணிக்கு 60! விலாவின் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். ஆரோக்கியமான குதிரையின் வயிற்றில் எப்போதும் கடமுடா சத்தம் கேட்க வேண்டுமாம், அமைதிதான் ஆபத்து. வலிக்கு ஊசி. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய். பிறகு காத்திருப்பு.

விடியற்காலை நாலு மணிக்கு ராணி லத்தி போட்டது! எத்தனையோ டெபாசிட் பார்த்திருக்கிறேன் சார்... இப்படிக் கைதட்டி வரவேற்றது இது ஒன்றைத்தான்!

குதிரை வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே மூன்று கேள்வி கேட்டு வைப்பது நல்லது. ராத்திரி வருவீர்களா? வர முடியாவிட்டால் யாரை அனுப்புவீர்கள்? ஆபரேஷன் என்றால் எங்கே கொண்டுபோவது? நாலாவது ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கக்கூடாது, கவனிக்க வேண்டும்: கூடவே இருப்பவன் சொல்வதைக் கடைசிவரை கேட்கிறாரா?

அடுத்த சனிக்கிழமை டாக்டர் பில்லை 'மருத்துவச் செலவு' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"காது குடுத்த கூலின்னு எழுது தம்பி! இருபத்தஞ்சு வருஷமா குதிரை மேய்க்கிறேன்... என்கிட்டக் கேள்வி கேட்ட மொத டாக்டர் அந்தம்மாதான்!"