பொந்து யாருக்கு?

தோட்டத்து ஓரத்தில் ஒரு பனை பட்டுப்போய் மொட்டையாக நிற்கிறது. அதில் கிளி குடியிருக்கிறது. பால் பிடிக்கும் சோளக் கதிரையும் மக்காச்சோளத்தையும் கொய்யாவையும் கொத்திப் பாழாக்குகிற அதே கிளிதான். "மரத்தைச் சாய்ச்சுப் போட்டா கிளித் தொல்லை தீர்ந்துதுங்க" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் யோசனை சொல்வார். தாராபுரம், மூலனூர், குண்டடம் பக்கம் இந்த யோசனையைக் கேட்காத விவசாயி குறைவு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளி எப்படிப் பொந்து பிடிக்கிறது, அந்தப் போட்டியில் யார் ஜெயிக்கிறார்கள், யார் தோற்கிறார்கள் என்று பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கும். பொந்து குறைந்தால் முதலில் வீடு இழப்பது கிளி அல்ல. நமக்காக எலியும் வெட்டுக்கிளியும் பிடிக்கிற பறவைகள்தான் முதலில் வெளியேறும்.

கூடு கட்டத் தெரியாத பறவை

நம் பகுதியில் சாதாரணமாகப் பார்ப்பது செந்தார்ப் பைங்கிளி. ஆணுக்குக் கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமுமாக ஆரம் இருக்கும். பெண்ணுக்கும் இளசுக்கும் அது தெளிவாக இருக்காது. ஆண் குஞ்சுக்கு ஆரம் முழுசாக வர இரண்டு, மூன்று வருடம் ஆகும். அமராவதி அணை, ஆனைமலை அடிவாரம் பக்கம் போனால் இதைவிடச் சிறிய செந்தலைக் கிளியையும் பார்க்கலாம்.

இவை எதற்கும் தூக்கணாங்குருவி போலக் கூடு பின்னத் தெரியாது. மரங்கொத்தி மாதிரி புதிதாகப் பொந்து குடைவதும் இவற்றின் வழக்கம் அல்ல. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்துவிட்டுப் போன பொந்து, கிளை ஒடிந்து உள்ளே உளுத்த ஓட்டை, பட்ட பனையின் உச்சி, பழைய கிணற்றுச் சுவர், கோயில் கோபுரத்து இடுக்கு என்று தயாராக இருக்கும் இடத்தைத்தான் பிடிக்கும். வேண்டுமானால் அலகால் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ளும். உள்ளே மெத்தை எதுவும் கிடையாது. மரத்தூள் மேலேயே முட்டை வைக்கும்.

ஆக, கிளிக்கு இரை பல இடத்தில் கிடைக்கும், பொந்துதான் பஞ்சம். வங்கிக் கணக்கில் சொன்னால், மனு போட்டவர் நூறு பேர், ஒதுக்கீடு பத்துப் பேருக்கு. அந்தப் பத்துப் பேர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதிகாரம் யார் கையில்?

கிளிக் கூட்டத்தில் மேல், கீழ் உண்டு. சாயங்காலம் மரத்தில் அடையும்போது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒன்று அலகைத் திறந்து கழுத்தை நீட்டும். பக்கத்தில் இருப்பது சத்தமில்லாமல் நகர்ந்து இடம் விடும். ரத்தம் சிந்துகிற சண்டை அபூர்வம். யார் பெரியவர் என்பது முன்னமே முடிவானதால் அதட்டலே போதும்.

பச்சைக்கிளியில் வருடத்தின் பெரும்பகுதி பெண்ணின் கைதான் ஓங்கியிருக்கும். ஆண் தயங்கித் தயங்கித்தான் அருகே வரும். சோடி சேரும் காலத்தில் தலை குனிந்து, இரையைக் கக்கி ஊட்டி, பெண்ணின் சம்மதத்தை வாங்க வேண்டும். பெண் அடைகாக்கும்போது ஆண் வெளியே போய்த் தின்றுவந்து அதற்கு ஊட்டும்.

சோடிக்குள் ஒத்துப்போவதும் முக்கியம். காக்கடீல் என்ற சிறு கிளியை வைத்து அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. இணக்கமாக நடந்துகொண்ட சோடிகளே அதிகக் குஞ்சு வளர்த்தன என்று அதில் தெரிந்தது.

நல்ல பொந்து, நிறையக் குஞ்சு

எல்லாப் பொந்தும் ஒன்றல்ல. உயரத்தில் இருக்க வேண்டும். வாய் குறுகலாக, கிளி நுழையும் அளவே இருக்க வேண்டும். உள்ளே ஆழம் வேண்டும். சாரல் புகக் கூடாது. சுவர் கெட்டியாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட பொந்துக்குள் காக்கை தலையை நுழைக்க முடியாது. பாம்பு ஏறுவதும் சிரமம். தாழ்வான, வாய் அகன்ற, பஞ்சுபோல உளுத்த பொந்தில் முட்டைக்கும் குஞ்சுக்கும் எந்த நேரமும் ஆபத்து.

பச்சைக்கிளி மூன்று முதல் ஐந்து முட்டை வைக்கும். அடைகாப்பு சுமார் 22 முதல் 24 நாள். குஞ்சு பறக்க ஆறு, ஏழு வாரம் ஆகும். அதாவது ஒரு சோடி ஏறத்தாழ இரண்டரை மாதம் அந்தப் பொந்தை விடாமல் காக்க வேண்டும். எல்லா முட்டையும் வைத்து முடிக்கும்முன்னே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை. மூத்தது கொழுகொழுவென்று இருக்க, கடைசியாகப் பொரித்தது நோஞ்சானாகக் கிடக்கும். இரை குறைந்தால் முதலில் சாவது அந்தக் கடைக்குட்டிதான்.

இந்தப் போட்டி எவ்வளவு கடுமையானது என்பதைத் தென் அமெரிக்காவில் வெனிசுவேலாவின் புல்வெளிகளில் பார்த்திருக்கிறார்கள். அங்கே சிட்டுக்குருவி அளவே உள்ள ஒரு பச்சைக் கிளி இனத்தை ஸ்டீவன் பெய்சிங்கர் குழுவினர் 1988 முதல் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கால்நடைப் பண்ணை வேலிகளில் கூடுபெட்டிகளைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு பறவைக்கும் அடையாள வளையம் மாட்டிக் கவனித்தார்கள். இந்தக் கிளி ஏழு முட்டை அளவில் வைக்கும். முதல் முட்டையிலிருந்தே பெண் அடைகாக்கும். அதனால் முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இரண்டு வாரம்கூட வித்தியாசம் வரும். ஆண்களில் பெரும் பகுதி இனப்பெருக்கம் செய்யாமலே வருடத்தைக் கழித்தது. அதைவிடக் கொடுமை, பொந்து கிடைக்காத கிளிகள் பிறர் கூட்டில் புகுந்து முட்டையை உடைத்ததும் குஞ்சைக் கொன்றதும்தான். வீட்டுப் பஞ்சம் கிளியையும் கொலைகாரன் ஆக்குகிறது.

பொந்தை அடைத்தால் என்ன ஆகும்?

நம் பனை மரக் கேள்விக்கு நேரான பதில் பெல்ஜியத்திலிருந்து கிடைக்கிறது. நம்ம ஊர்ப் பச்சைக்கிளியேதான் அங்கேயும். 1974இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு பூங்காவிலிருந்து சுமார் 40 கிளிகளை வெளியே விட்டார்கள். அவை பெருகி ஆயிரக்கணக்கில் ஆகிவிட்டன.

ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரூபே, மத்தைசன் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். அது 2009இல் வெளியானது. முந்தின வருடம் கிளி குடியிருந்த பொந்துகளை அடைத்துவிட்டார்கள். கிளி ஊரைவிட்டுப் போகவில்லை. பக்கத்திலிருந்த மற்றப் பொந்துகளைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பொந்துகளை நம்பியிருந்தது அடிமரத்தில் தலைகீழாக இறங்கிப் பூச்சி பொறுக்கும் ஒரு சிறு குருவி. எண்ணிக்கை குறைந்தது அந்தக் குருவிக்குத்தான். கிளி அந்த வருடத்தில் முந்திக்கொண்டு பொந்து தேடத் தொடங்குவது இதற்கு முக்கியக் காரணம்.

அங்கே கிளி வந்தேறி. இங்கே அது மண்ணுக்குச் சொந்தக்காரன். மற்றப் பறவைகளோடு காலங்காலமாகப் பங்குபோட்டு வாழ்ந்தது. ஆனால் பங்கு போட நிறையப் பொந்து இருந்தவரைதான் அந்தச் சமாதானம். இங்கேயும் கிளி மார்கழிக் கடைசி, தை மாதத்திலேயே பொந்தைப் பிடித்துவிடும். பனங்காடை முட்டை வைக்கத் தொடங்குவது மாசிக்குப் பிறகு. மைனாவுக்கு இன்னும் தாமதம். புள்ளி ஆந்தையும் கொண்டலாத்தியும் கிளியின் பருவத்திலேயே இடம் தேடுகின்றன. பத்துப் பொந்து நான்கு ஆனால் அந்த நான்கும் யாருக்குப் போகும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பனங்காடை வெட்டுக்கிளியையும் வண்டையும் தின்னும். புள்ளி ஆந்தை இரவில் பூச்சியும் சுண்டெலியும் பிடிக்கும். கொண்டலாத்தி மண்ணைக் கிளறிப் புழுவையும் கூட்டுப்புழுவையும் எடுக்கும். மருந்தடிக்காத நமக்கு இவர்கள்தான் கூலி கேட்காத வேலையாட்கள். கிளியை விரட்டுவதாக நினைத்து இவர்களை அனுப்பிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

காண்டாமிருக வண்டு உள்ள தென்னந்தோப்பில் பட்ட மரத்தை விட்டுவைக்கச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். மக்கிப்போன தென்னைத் தண்டில் அந்த வண்டு முட்டை வைக்கும். அதனால் தோப்புக்குள் பட்ட தென்னையை அப்புறப்படுத்துவதே சரி. சாய்க்குமுன் பொந்தில் குஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சித்திரை வரை பொறுங்கள்.

தோப்புக்கு எட்டத்தில், ஓடைக்கரையிலும் மேட்டாங்காட்டு வேலியிலும் நிற்கும் பட்ட பனையை நிற்க விடுங்கள். உச்சி மக்கிச் சோறாகியிருந்தால் அதிலும் வண்டுப் புழு இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்து வைப்பது வண்டுக் கட்டுப்பாட்டுக்கு எப்படியும் தேவை. உயிருள்ள பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் போலவே முதிர்ந்த வெள்வேலானும் சொத்துதான். அதன் ஒடிந்த கிளை ஓட்டைகள் பறவைகளுக்கு நிரந்தர வீடு. விறகுக்காக மூத்த மரத்தை வெட்டாமல் இளசைக் கவாத்து செய்யுங்கள்.

மரம் இல்லாத இடத்தில் கெட்டிப் பலகையில் பெட்டி செய்து கட்டலாம். வாயை மூன்று, மூன்றரை சென்டிமீட்டருக்குள் வைத்தால் கிளி நுழையாது. சிட்டுக்குருவி போன்ற சின்னப் பறவைகள் நுழையும். மைனாவும் ஆந்தையும் நுழையும் வாயில் கிளியும் நுழையும். ஆகவே அவற்றுக்கு எண்ணிக்கையை அதிகமாக்குவதுதான் வழி.

வெள்ளாமையைக் காக்க வேண்டியது வெள்ளாமையில்தான், பொந்தில் அல்ல. கிளிச் சேதம் ஓர வரிசைகளில்தான் அதிகம். ஓரத்து மக்காச்சோளக் கதிர்களை அதன் தோகையாலேயே சுற்றிக் கட்டலாம். பளபளக்கும் ரிப்பனை முறுக்கிக் கட்டினால் காற்றில் மின்னி இரையும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே சமயத்தில் விதைத்தால் சேதம் பலர் காட்டுக்குப் பங்காகிப் போகும். கம்பில் சுணை உள்ள ரகம் பறவைக்குச் சுலபத்தில் இடம் கொடுக்காது.

குஞ்சு எடுக்க மரம் ஏறி வருகிறவர்களையும் அனுமதிக்காதீர்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். குஞ்சுக்காகப் பொந்தை வெட்டிப் பிளந்தால் அந்தப் பொந்து எல்லாப் பறவைக்கும் போச்சு.

இந்த மார்கழி பிறப்பதற்குள் உங்கள் தோட்டத்தில் எத்தனை பொந்து இருக்கிறது என்று ஒருமுறை சுற்றிவந்து எண்ணி எழுதிவையுங்கள். தை மாதம் மறுபடி போய் எதில் யார் குடியேறியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான்கிலும் கிளியே இருந்தால் கிளி அதிகமாகிவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். பொந்து குறைந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.