தோளுக்குத் திரும்பிய போர்வை

மெல்பர்னில் குடியேறிய நம்மவர்களுக்குப் போசம் என்றால் ராத்திரியில் கூரைமேல் தடதடவென ஓடித் தூக்கத்தைக் கெடுக்கும் பிராணி. இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கோ அதன் தோல்தான் உடுப்பு, படுக்கை, கடைசியில் உடலோடு புதைகுழிக்குப் போகும் கோடி.

இங்கத்திய குளிர் லேசுப்பட்டதல்ல. குழந்தை பிறந்ததும் சில தோல்களை ஒட்டித் தைத்துப் போர்த்துவார்கள். பிள்ளை வளர வளரத் தோல்களும் கூடும்; பெரியவர் போர்வை ஐம்பது தோல்களைத் தாண்டும். கங்காருவின் தசைநார்தான் நூல். உட்புறத்தில் சிப்பி ஓட்டால் கோடுகள் கீறிக் காவி பூசுவார்கள். ஆறு, ஏரி, குலம் எல்லாம் அந்தக் கோடுகளில் இருக்கும். பார்த்தாலே போர்த்தியவர் எந்த ஊர் என்று தெரியும். பெண்கள் அதை மடித்துத் தொடைமேல் வைத்துத் தட்டினால் மேளமும் ஆகும்.

வெள்ளையர் நிலத்தைப் பறித்தபின் அரசாங்கம் கம்பளி கொடுத்தது. போசம் தோல் மழையைத் தாங்கும்; கம்பளி ஊறிவிடும். ஈரக் கம்பளியில் நோய்ப்பட்டுச் செத்தவர்கள் ஏராளம். தைத்த கைகளும் மெல்ல ஓய்ந்தன.

மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இரண்டு பழைய போர்வைகள் இருக்கின்றன. ஒன்று 1853இல் எச்சூகா என்ற ஊர்ப் பக்கம் கிடைத்தது. மற்றது 1872இல் லேக் காண்டா என்ற ஏரிப் பகுதியில். 1999இல் விக்கி கூஸன்ஸ், டெப்ரா கூஸன்ஸ், லீ டாரோக், ட்ரியானா ஹாம் என்ற நான்கு ஆதிக்குடிப் பெண்கள் லேக் காண்டா போர்வையைப் பார்த்தார்கள். கூஸன்ஸ் சகோதரிகளுக்கு அது சொந்த மண்ணின் போர்வை. பாட்டிமாரின் கைவேலையைப் பார்த்தவர்கள், அதைத் தாங்களே செய்து கற்பது என்று முடிவெடுத்தார்கள்.

ஆனால் ஆஸ்திரேலியாவில் போசம் பாதுகாக்கப்பட்ட விலங்கு. நியூசிலாந்தில் அதுவே வெளியிலிருந்து வந்து காட்டைத் தின்று தீர்க்கும் தொல்லை. தோல் அங்கிருந்து வந்தது. தசைநாருக்குப் பதில் மெழுகுநூல்; சிப்பிக்குப் பதில் சூட்டுக்கோல். இது அசலா என்று கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. காஞ்சிப் பட்டுக்கு ரசாயனச் சாயம் ஏறி எத்தனை காலமாயிற்று, யாராவது அதைக் காஞ்சிப் பட்டு இல்லை என்றார்களா?

2006இல் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியின் தொடக்க விழாவில் விக்டோரியாவின் பல குடிகளின் மூத்தோர் புதிய போர்வைகளைப் போர்த்திக்கொண்டு உலகத்தின் முன் நின்றார்கள். விழா முடிந்ததும் அவை கண்ணாடிப் பெட்டிக்குள் முடங்கவில்லை. பிறந்த குழந்தையை வரவேற்கவும் இறந்தவரை வழியனுப்பவும் போசம் தோல் மறுபடி வந்துவிட்டது.